கடலடிக்கு இலக்கணம் கண்டவர்

கடலைப் பாடாத தமிழ்ப் புலவர் மிகச் சிலரே. அதன் அலையையும் ஒலியையும், அது தரும் முத்தையும் உப்பையும், அதன்மேற் செல்லும் திமிலையும் வங்கத்தையும் நம் முன்னோர் நுணுகி நோக்கிப் பாடினர். ஆயினும், அக்கடலின் அடியிலே கிடக்கும் நிலம் எத்தகையது என்று அறிவதற்கு அவர்களிடம் கருவி இல்லை. நம்மவர்க்கு மட்டுமன்று, உலகத்து எந்த இனத்தவர்க்கும் அண்மைக்காலம் வரையில் அது இருள் மூடிய நிலமாகவே இருந்தது. 20ஆம் நூற்றாண்டிலே, ஒலியலையைக் கீழே செலுத்தி அது மீண்டுவரும் நேரத்தால் ஆழத்தை அளக்கும் முறை வளர்ந்தது. அதன் பின்னரே, உலகைச் சுற்றி ஏறக்குறைய 65,000 கிலோமீற்றர் நீளத்துக்கு ஓடும் கடலடி மலைத்தொடர் தெரியவந்தது. ஆயிரக்கணக்கான எரிமலைகளும், கத்தியாற் கீறியது போல நெடுந்தூரம் நேராகச் செல்லும் முறிவு வலயங்களும் அங்கே உள்ளன என்பதும் தெரியவந்தது.

இவற்றைக் கண்டவர் பலர். கண்டவற்றுள் ஓர் ஒழுங்கைக் கண்டவர் சிலர். அச்சிலருள் முதல்வரிசையில் வைத்து எண்ணத்தக்கவர் கனடா நாட்டு அறிஞராகிய ஜோன் டூஸோ வில்சன்.

பிராசீன பாடசாலையிலே இலக்கணங் கற்பிக்கும் நான் புவிச்சரிதவியல் அறிஞர் ஒருவரைப் பற்றி எழுதப் புகுவதற்குக் காரணம் இரண்டு. அவர் செய்தது ஒருவகையில் இலக்கணப் பணியே என்பது ஒன்று. ஐம்பது வயதைக் கடந்த பின்னர், ஊரறியத் தாம் தாங்கிநின்ற கொள்கையைத் தாமே கைவிட்டு அப்பணியைச் செய்தார் என்பது மற்றொன்று. ஐம்பதைக் கடந்த ஆசிரியனாகிய எனக்கு இரண்டாவது காரணமே பெரிதாகத் தோன்றுகின்றது.

வில்சன் 1908ஆம் ஆண்டு ஒக்டோபர் 24ஆந் திகதி கனடாவின் தலைநகராகிய ஒட்டாவாவிலே பிறந்தார். தந்தையார் ஸ்கொத்லாந்திலிருந்து வந்து குடியேறிய பொறியியலாளர். கனடாவிலே விமானப் போக்குவரத்து வளர்வதற்கு அடிகோலியவர்களுள் ஒருவர். தாயார் ஹென்றியெற்றா டூஸோ மலையேற்றத்திலே பெயர்பெற்ற மாதரசி. றொக்கி மலைத்தொடரிலே பத்துச் சிகரப் பள்ளத்தாக்கு என வழங்கும் இடத்தில் உள்ள சிகரமொன்றில் 1906இலே முதன்முதல் ஏறியவர் அவர். அச்சிகரம் இன்றும் டூஸோ மலை என்றே வழங்குகின்றது. தாயின் குடிப்பெயரைத் தம் பெயரின் நடுவே தாங்கிய மைந்தர் அப்பெயராலேயே பிற்காலத்தில் உலகத்தாரால் அறியப்பட்டார்.

தாயிடமிருந்து மலைமேற் காதலும், தந்தையிடமிருந்து பொறிகள்மேற் பற்றும் அவருக்கு வாய்த்தன. ரொறன்ரோப் பல்கலைக்கழகத்திலே பௌதிகம் பயிலப் புகுந்த அவர், கோடை விடுமுறையிலே நோயல் ஒடெல் என்னும் புவிச்சரிதவியலாளருக்கு உதவியாளராய்க் காட்டிலும் மேட்டிலும் திரியும் வாய்ப்பைப் பெற்றார். 1924இலே எவரெஸ்ற் சிகரத்தை நோக்கிச் சென்று மீளாத மலோரி, இர்வின் என்னும் இருவரையும் இறுதியாக உயிரோடு கண்டவர் இந்த ஒடெல். அவருடைய தொடர்பால் இளைஞரின் மனம் பாறைகளின்பாற் சென்றது. அணுவைப்பற்றிய புதுமைகளாற் பௌதிகம் புகழோங்கி நின்ற காலம் அது. அதனை விட்டுக் கல்லையும் மண்ணையும் நாடுவதைப் பலர் கீழிறக்கம் என்றே கருதினர். வில்சன் இரண்டையும் விடவில்லை. பௌதிகத்தின் அளவுகோலாற் பூமியை ஆராயும் புவிப்பௌதிகவியலைத் தம் துறையாகக் கொண்டார். அத்துறையிலே கனடாவிற் பட்டம் பெற்ற முதல்வர்களுள் ஒருவராக 1930இலே வெளியேறினார்.

பின்னர் கேம்பிறிட்ஜிலும், அமெரிக்காவின் பிரின்ஸ்ரன் பல்கலைக்கழகத்திலும் பயின்று 1936இலே கலாநிதிப் பட்டம் பெற்றார். மாணவராயிருந்த அக்காலத்திலேயே மொன்ரானா மாநிலத்திலுள்ள ஹேக் மலையின் உச்சியை 1935இல் முதன்முதல் அடைந்தவரும் அவரே. கனடாவின் புவிச்சரிதவியல் அளவைத் திணைக்களத்தில் மூன்றாண்டு பணிசெய்தார். இரண்டாம் உலகப்போர் மூண்டபோது படையின் பொறியியற் பிரிவிற் சேர்ந்து, கேணல் பதவி வரை உயர்ந்தார். போர் முடிந்தபின், 1946இன் தொடக்கத்திலே, பனிவண்டிகளில் ஏறி 3,000 மைலுக்கு மேற்பட்ட ஆர்க்டிக் வெளியைக் கடந்த படைப்பயணமொன்றைத் துணைத்தலைவராய் நின்று நடத்தினார். அவ்வாண்டிலேயே ரொறன்ரோப் பல்கலைக்கழகம் அவரைப் புவிப்பௌதிகவியற் பேராசிரியராக ஏற்றது.

இனி, அவர் தாங்கிநின்ற பழைய கொள்கையைச் சிறிது கூறவேண்டும். ஆதியிலே கொதித்துக் கிடந்த பூமி படிப்படியாக ஆறிச் சுருங்குகின்றது. வெயிலில் உலர்ந்த எலுமிச்சங்காயின் தோல் சுருங்கி மடிப்பு விழுவதுபோல, பூமியின் ஓடும் மடிந்து மலைகளாயிற்று. கண்டங்களோ தோன்றிய இடத்திலேயே என்றும் நிற்கின்றன. இதுவே அக்காலத்திற் பலர் ஒப்பிய கருத்து. 1912இலே அல்பிரட் வெகெனர் என்னும் ஜேர்மானிய அறிஞர் இதனை மறுத்து, கண்டங்கள் ஒருகால் ஒன்றாயிருந்து பின் பிரிந்து நகர்ந்தன என்றார். ஆபிரிக்காவின் மேற்குக் கரையும் தென்னமெரிக்காவின் கிழக்குக் கரையும் பொருந்துவதையும், இரு கரைகளிலும் ஒரேவகைப் பாறையும் உயிர்ச்சுவடும் கிடைப்பதையும் சான்றாகக் காட்டினார். எனினும், அத்துணைப் பெரிய கண்டத்தை நகர்த்தும் விசை எது என்ற வினாவுக்குத் தக்க விடை அவரிடம் இல்லை. 1930இலே கிரீன்லாந்துப் பனிவெளியிலே வெகெனர் உயிர்நீத்தார். அவர் கொள்கையும் வட அமெரிக்க அறிஞரிடையே மதிப்பிழந்து கிடந்தது.

வில்சன் அக்கொள்கையை மறுத்தவர்களுள் ஒருவர். வெறுமனே தலையசைத்து மறுத்தவரும் அல்லர். பூமி சுருங்குவதாற் மலைத்தொடர்களும் தீவு வளைவுகளும் எவ்வாறு தோன்றலாம் என்று ஆண்டுக்கணக்காக ஆராய்ந்து எழுதினார். 1959இலே தோழர் இருவருடன் சேர்ந்து அவர் வெளியிட்ட பாடநூலிலும் அக்கருத்தே இடம்பெற்றது. அப்போது அவருக்கு வயது ஐம்பது. புவி அளவையியலுக்கும் புவிப்பௌதிகவியலுக்குமான சர்வதேசச் சங்கத்தின் தலைவராகவும் அவர் இருந்தார். 1957ஆம், 1958ஆம் ஆண்டுகளிலே பல நாடுகளும் ஒன்றுகூடிப் பூமியை ஆராய்ந்த சர்வதேசப் புவிப்பௌதிக ஆண்டின் பொருட்டு அந்தாட்டிக்கா முதலிய பல இடங்களுக்கு அவர் சென்றார். 1958இலே சீனாவிலும் பயணஞ் செய்து அதைப்பற்றி ஒரு நூலும் எழுதினார். பதவியும் புகழும் நூலும் மாணவரும் ஒருங்கே அமைந்த நிலை அது. அந்நிலையில் உள்ளவர் தம் கருத்தை மாற்றுவது அரிது. மாற்றினும் மெல்ல மறைத்து மாற்றுவதே உலக வழக்கம்.

ஆயினும், சான்றுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து குவிந்தன. கடலடி மலைத்தொடரின் உச்சியிலே நீண்ட பிளவு இருப்பது தெரிந்தது. பழம்பாறைகளிற் பதிந்துள்ள காந்தத் திசைகள், கண்டங்கள் இடம் மாறியுள்ளன என்று காட்டின. பிரின்ஸ்ரனிலிருந்த ஹரி ஹெஸ், புதிய கடலடித்தளம் அம்மலைத்தொடரின் பிளவிலிருந்து தோன்றி இருபுறமும் விலகிச் செல்கின்றது என்ற கருத்தை முன்வைத்தார். சுருங்கும் பூமி இவற்றுக்கு விடை கூறாது என்பதை வில்சன் கண்டார். 1960இலே, பூமி மெல்ல மெல்ல விரிகின்றதோ என்று ஒரு கட்டுரையில் ஆராய்ந்து பார்த்தார். அதுவும் மனத்துக்கு நிறைவு தரவில்லை. 1961 அளவிலே, தாம் இதுவரை மறுத்துவந்த பக்கத்துக்கே முற்றாக வந்துசேர்ந்தார். வந்தவர் ஒதுங்கி நிற்கவுமில்லை. 1963இலே, பலரும் படிக்கும் அமெரிக்க விஞ்ஞான மாத ஏடொன்றிலே கண்டங்கள் நகர்கின்றன என்பதைத் தம் பெயரிட்டு எழுதினார். முந்திய நூலைப் படித்த மாணவர் முன்னிலையிலேயே புதிய பாடத்தைத் தொடங்கினார்.

புதிய கொள்கைக்குச் சான்று தேடப் புகுந்த வில்சன் தீவுகளை நோக்கினார். கண்டத்துப் பாறைகள் பலமுறை மடிந்தும் முறிந்தும் கலந்தும் கிடப்பவை. பழைய ஏட்டுச் சுவடியிலே இடைச்செருகல் மலிந்தாற்போன்றவை. ஆழ்கடல் நடுவே எழுந்த தீவுகளோ பெரும்பாலும் எரிமலைகள். ஒவ்வொன்றுக்கும் பிறந்த காலம் உண்டு. அக்காலங்களைத் திரட்டி ஒப்பிட்ட அவர், நடுத்தொடரின் மேலும் அதன் அருகிலும் உள்ள தீவுகள் இளையனவாகவும், அதிலிருந்து விலகியவை மூத்தனவாகவும் இருக்கும் போக்கைக் கண்டார். அத்திலாந்திக் நடுத்தொடரின் மேலுள்ள ஐஸ்லாந்து இன்றும் கனன்றுகொண்டிருக்கின்றது. தெற்கே, தொடருக்கு அண்மையிலுள்ள திறிஸ்ரன் டா கூனா என்னுஞ் சிறு தீவு 1961இலே வெடித்தது. குடிகள் 260க்கு மேற்பட்டோரும் இங்கிலாந்துக்குக் கொண்டுசெல்லப்பட்டு, 1963இலேதான் ஊர் திரும்பத் தொடங்கினர். அவ்வாண்டு நவம்பரிலே ஐஸ்லாந்துக்குத் தெற்கே சேர்ட்சி என்னும் புதிய தீவு கடலைப் பிளந்து எழுந்தது. வில்சன் சொல்வதற்குக் கடலே உதாரணம் காட்டியது போன்று இருந்தது அது.

ஆனால், ஹவாய்த் தீவுகள் இவ்விதிக்கு அடங்கவில்லை. அவை நடுத்தொடருக்கு மிகத் தொலைவிலே, பசிபிக் சமுத்திரத்தின் நடுவே கிடக்கின்றன. அவற்றின் தென்கிழக்கு முனையிலுள்ள பெருந்தீவிலே கிலவேயா, மவுனா லோவா என்னும் எரிமலைகள் இன்றும் உமிழ்கின்றன. வடமேற்கே செல்லச்செல்ல எரிமலைகள் அவிந்தும் தேய்ந்தும், ஈற்றிலே பவளப்பாறை வளையங்களாகவும் ஆகின்றன. இம்முதுமை வரிசையை அமெரிக்கரான ஜேம்ஸ் டேனா 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே கண்டார். தீக்கடவுளாகிய பெலே வடமேற்குத் தீவிலிருந்து ஒவ்வொரு தீவாகக் கடந்து கிலவேயாவில் வந்து குடியமர்ந்தாள் என்னும் ஹவாய் மக்களின் பழங்கதையும் அதனோடு ஒத்திருக்கின்றது. ஆனால், தீ ஏன் இடம் மாறியது?

வில்சனின் விடை, தீ இடம் மாறவில்லை என்பது. இதனை நம்மவர்க்கு விளக்க ஏட்டுச்சுவடியே போதும். பனையோலையில் எழுதுவோன் வலக்கையிலுள்ள எழுத்தாணியை ஓரிடத்தில் ஊன்றிக்கொண்டு, இடக்கையால் ஓலையை நகர்த்துவான். ஆணி நிற்கும், ஓலை நகரும், முதலில் எழுதிய எழுத்து ஆணியை விட்டுத் தொலைவிலே போய்விடும். அவ்வாறே, ஓட்டின் கீழே மென்மூடி எனப்படும் ஆழ்ந்த படையிலே வெப்பம் மிக்க இடமொன்று நிலைத்து நிற்கின்றது. அதன் மேலாகக் கடலடித்தளம் வடமேற்கு நோக்கி நகர்கின்றது. ஆணிக்கு நேரே வந்த இடத்தில் எரிமலை எழுகின்றது, நகர்ந்தபின் அவிகின்றது, அடுத்த இடத்தில் அடுத்தது எழுகின்றது. அந்த இடத்தை இன்று வெப்பப்புள்ளி என்பர்.

இக்கட்டுரையைப் புகழ்பெற்ற அமெரிக்க ஆய்வேடொன்று ஏற்க மறுத்தது. மற்றையோர் அளவீடுகளோடு அது பொருந்தவில்லை என்பது ஒரு காரணம். அதனால், புவிச்சரிதவியலாளர் பெரிதும் புரட்டிப்பார்க்காத கனடியப் பௌதிக ஏட்டிலே 1963இல் அதை வெளியிட்டார். மறு ஆண்டிலேயே அவுஸ்திரேலியாவில் இயன் மக்டூகல் ஹவாய்ப் பாறைகளின் வயதை அளந்து, வரிசை அவ்வாறே அமைந்திருப்பதைக் காட்டினார். பெருந்தீவு பத்து இலட்சம் ஆண்டும் நிரம்பாதது. கவாய்த் தீவு ஏறத்தாழ 50 இலட்சம் ஆண்டு மூத்தது. 2,400 கிலோமீற்றர் அப்பாலுள்ள மிட்வே ஏறத்தாழ 280 இலட்சம் ஆண்டு மூத்தது. கணக்கிட்டால் தளம் ஆண்டுக்கு எட்டு ஒன்பது சென்ரிமீற்றர் நகர்வது தெரியவரும். அத்தொடர் மிட்வேயோடு முடிவதுமில்லை. நீர்மூழ்கிய மலைகளாய் வடமேற்கே சென்று, பின்பு வடக்கே வளைந்து, ஏறக்குறைய 6,000 கிலோமீற்றர் நீள்கின்றது. எழுத்தாணியும் முற்றாக அசையாது நின்றதன்று என்பதைப் பிற்கால ஆய்வு காட்டியுள்ளது. வடக்கு நோக்கிய பகுதி உருவான காலத்தில் வெப்பப்புள்ளியே தெற்கு நோக்கிச் சிறிது நகர்ந்தது என்பதை, ஆழ்துளையிட்டு எடுத்த பாறைகளின் காந்தத்தால் 2003இல் அறிந்தனர். தம் கருத்தைத் திருத்திக்கொள்ள அஞ்சாத ஒருவரின் கருத்து இவ்வாறு திருத்தம் பெறுவது பொருத்தமே.

அடுத்து, முறிவு வலயங்கள். 1950களிலே கலிபோர்னியாவுக்கு மேற்கே, பசிபிக் சமுத்திரத்தின் அடியிலே மெண்டொசீனோ, மறே, கிளாரியன் முதலிய பெயர் பெற்ற நெடிய முறிவுகள் கண்டறியப்பட்டன. மெண்டொசீனோ முறிவின் இருபுறமும் உள்ள காந்தக் கோலங்களை ஒப்பிட்டபோது, ஒருபுறம் மற்றப் புறத்தைவிட்டு 1,100 கிலோமீற்றருக்கு மேல் விலகிக் கிடப்பது தெரிந்தது. அத்தனை தூரம் வழுக்கிய பிளவு கண்டத்தையும் வெட்டிச் சென்றிருக்க வேண்டும் அன்றோ? கரையிலே அத்தகைய வெட்டு இல்லை. அத்திலாந்திக்கிலும் இத்தகைய புதிர் இருந்தது. அங்கே நடுத்தொடர் ஒரே கோடாகச் செல்லாது துண்டுதுண்டாக விலகி நிற்கின்றது. புவிநடுக்கோட்டருகே றொமான்ஷ் முறிவில் மட்டும் விலகல் ஏறக்குறைய 900 கிலோமீற்றர். ஒருகால் நேராயிருந்த தொடர் பின்பு வெட்டுண்டு விலகியது என்றே யாவரும் எண்ணினர். அவ்வாறாயின் முறிவின் நீளம் முழுவதும் நிலம் நடுங்கவேண்டும். நடுக்கமோ இரு தொடர்முனைகளுக்கும் இடைப்பட்ட பகுதியிலேதான் பெரிதும் நிகழ்ந்தது.

1965இலே கேம்பிறிட்ஜில் விடுமுறைக்காலப் பணியிலிருந்த வில்சன் இம்முடிச்சை அவிழ்த்தார். அவர் கையாண்ட கருவி வெட்டி மடித்த தாள். கண்டோர் முன்னிலையில் தாளை இழுத்துக்காட்டியே தம் கருத்தை விளக்குவார். தொடர்கள் வெட்டுண்டு விலகவில்லை. தொடக்கத்திலேயே விலகித் தோன்றின என்று கொள்வோம். ஒவ்வொரு தொடரிலிருந்தும் புதிய தளம் இருபுறமும் செல்கின்றது. இரு தொடர்முனைகளுக்கும் இடையிலே, ஒன்றிலிருந்து கிழக்கே செல்லும் தளமும், மற்றதிலிருந்து மேற்கே செல்லும் தளமும் எதிரெதிராக உராய்கின்றன. ஒடுங்கிய வீதியில் எதிர்ப்படும் இரண்டு மாட்டுவண்டிகளின் சில்லுகள் உரசுவதுபோல அங்கே நிலம் நடுங்கும். முனைகளுக்கு அப்பாலோ இருபுறமும் ஒரே திசையிற் செல்லும் தளங்கள். கூடச்செல்லும் வண்டிகள் உரசுவதில்லை. ஆதலின் அங்கே முறிவு பழைய தழும்பாய்ப் பெரும்பாலும் மௌனமாகக் கிடக்கும். மேலும், வழுக்கும் திசை பழைய எண்ணத்துக்கு நேர்மாறாக இருக்கவேண்டும் என்றும் அவர் முன்கூட்டியே சொன்னார். சொன்னது பொய்யாயின் கொள்கை முழுவதும் வீழும்படி அதனை நிறுத்தினார்.

அமெரிக்க நிலநடுக்கவியலாளராகிய லின் சைக்ஸ், வில்சன் கூற்றைப் பொய்ப்பிக்கவோ மெய்ப்பிக்கவோ தக்க சான்றைத் தேடினார். அணுகுண்டுச் சோதனைகளைக் கண்டறிவதற்கென உலகெங்கும் நிறுவிய நடுக்கமானிகளின் பதிவுகளை எடுத்து ஆராய்ந்து 1967இலே முடிவை வெளியிட்டார். திசை வில்சன் கூறியபடியே இருந்தது. 1906இலே சான் பிரான்சிஸ்கோ நகரை அழித்த நடுக்கம் நிகழ்ந்த சான் அன்றியாஸ் பிளவும் இவ்வினத்தைச் சேர்ந்ததே என்றும் அவர் 1965இல் விளக்கியிருந்தார்.

இப்பிளவுகளுக்கு வில்சன் இட்ட பெயர் உருமாற்றப் பிளவு என்னும் பொருளது. பிளவு தன் முனையிலே திடீரென முடிகின்றது. ஆனால் அசைவு முடிவதில்லை. அது தொடரின் விரிவாகவோ, ஆழியின் அமிழ்வாகவோ மாறித் தொடர்கின்றது. இவ்விடத்திலேதான் எனக்கு வகுப்பறை நினைவு வருகின்றது. இரு சொற்கள் கூடுமிடத்திலே நிகழும் விகாரம் தோன்றல், திரிதல், கெடுதல் என மூன்று எனவும், மாற்றமின்றி நிற்பது இயல்பு எனவும் மாணவர்க்குக் கற்பிக்கின்றோம். வில்சன் பூமியின் ஓடு சில பெருந் தகடுகளாய் அமைந்தது என்றார். அத்தகடுகள் கூடும் எல்லைகளிலே நிகழ்பவையும் மூன்று: நடுத்தொடரிலே புதிய தளம் தோன்றுகின்றது, உருமாற்றப் பிளவிலே அசைவு திரிகின்றது, ஆழ்கடல் அகழிகளிலே பழைய தளம் அமிழ்ந்து கெடுகின்றது. தகட்டின் நடுப்பகுதியோ பெரும்பாலும் இயல்பாய்க் கிடக்கின்றது. இந்த எல்லைகள் ஒன்றோடொன்று இணைந்து உலகைச் சுற்றிய வலையாய் அமைவன என்று அவர் அவ்வாண்டிலே எழுதியது, பின்னர் எழுந்த தகட்டியலுக்கு முதற் சூத்திரம் போன்றதாயிற்று. 1966இலே, இன்றைய அத்திலாந்திக்குக்கு முன்னரும் அங்கே ஒரு கடல் இருந்து மூடிப் பின் மீண்டும் திறந்தது என்று காட்டினார். கடல்கள் தோன்றி மறையும் அச்சுழற்சிக்கு இன்று அவர் பெயரே வழங்குகின்றது.

இவையெல்லாம் தொலைவிலுள்ள செய்திகள் என்று நாம் இருக்கவியலாது. இந்து சமுத்திரத்தின் ரியூனியன் தீவிலே ஓர் எரிமலை இன்றும் எரிகின்றது. அதனை எரிக்கும் வெப்பப்புள்ளியே 660 இலட்சம் ஆண்டின் முன்னர்த் தக்கணத்தின் கருங்கற்பாறைப் பரப்பை உமிழ்ந்தது என்பர். இந்தியா வடக்கே நகர, இலட்சத்தீவும் மாலைதீவும் சாகோஸும் அமர்ந்துள்ள கடலடி மேடு அடுத்தடுத்த எழுத்துக்களாய்ப் பதிந்தது. பின்னர் மொரீசியசும் ரியூனியனும் எழுந்தன. 19ஆம் நூற்றாண்டிலே கரும்புத் தோட்டங்களுக்கெனக் கப்பலேறிய தமிழர் சென்று சேர்ந்த அத்தீவுகள் அவ்வாறு பிறந்தவையே.

2012ஆம் ஆண்டு ஏப்ரில் 11ஆந் திகதியை நம் கரையோர மக்கள் மறந்திரார். அன்று பிற்பகல் சுமாத்திராவுக்கு மேற்கே ஆழ்கடலில் 8.6 அளவான நடுக்கம் நிகழ்ந்தது. 2004இலே இத்தீவில் 30,000க்கு மேற்பட்ட உயிர்களைக் கடல் கொண்டதைக் கண்ட மக்கள், குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு மேட்டுநிலம் நோக்கி ஓடினர். கிழக்குக் கரையூர் ஒன்றில் அன்று இருந்த நானும் மாணவரை அழைத்துக்கொண்டு அவ்வாறே சென்றேன். பெரிய அலை வரவில்லை. 2004இலே அகழியோரத்திற் கடலடி மேலெழுந்து நீரை உயர்த்தியது. 2012இலே, தகட்டின் நடுவே பழைய முறிவு வலயங்கள் கிடக்கும் பகுதியில் நிலம் பெரும்பாலும் பக்கவாட்டிலே வழுக்கியது. மௌனமான தழும்பும் ஒருகால் விழிக்கலாம் என்பதை அந்நாள் காட்டிற்று. கரையில் நிற்பவர் எவ்வகை நடுக்கம் என்று அறியமுடியாது. ஆதலின் ஓடியது தக்கதே. எனினும், அன்றிரவு மாணவர்க்கு நான் விளக்கிச் சொன்ன பாடம் வில்சனின் தாள்மடிப்பிலிருந்து வந்ததாகும்.

தமிழறிஞர் மனத்தைத் தொடும் செய்தி ஒன்றும் உண்டு. மடகாஸ்கரிலும் இந்தியாவிலும் உள்ள விலங்கினங்களின் உறவை விளக்கும்பொருட்டு, 1864இலே ஸ்கிளேற்றர் என்னும் ஆங்கிலேயர், கடலில் மூழ்கிய கண்டமொன்றை ஊகித்து லெமூரியா எனப் பெயரிட்டார். நம்மவருட் சிலர் அதனைக் குமரிநாட்டோடு ஒன்றாக்கிப் போற்றினர். கண்டங்களே நகர்ந்தன என்று தெளிந்தபின் அவ்வூகத்துக்குத் தேவை இல்லாது போயிற்று. இந்து சமுத்திரத்தின் அடித்தளத்திற் பெரும்பகுதி, நடுத்தொடர்களிலே தோன்றி விரிந்த எரிமலைப்பாறையே ஆகும். கடல்கோள் பற்றிய நம் இலக்கிய நினைவு வேறு. பனியுகத்தின் உச்சத்திலே கடல்மட்டம் ஏறக்குறைய 120 மீற்றர் தாழ்ந்திருந்தது. இலங்கையும் இந்தியாவும் நிலத்தால் இணைந்திருந்தன. பின்பு கரைகள் மூழ்கின. இவ்விரண்டையும் வேறுபடுத்திக் கூறுவதாலே தமிழின் தொன்மைக்கு இழுக்கில்லை. காலந்தோறும் சொல் மாறுவதை வழுவென்று தள்ளாத இலக்கண மரபு நம்முடையது. கருத்து மாறுவதையும் அவ்வாறே ஏற்கும் துணிவு அம்மரபுக்குப் பொருந்தும்.

வில்சன் 1967இலே ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தின் எரின்டேல் கல்லூரிக்கு முதல்வரானார். 1974 முதல் 1985 வரை ஒன்ராறியோ விஞ்ஞான நிலையத்தை நெறிப்படுத்தினார். பார்வைக்கு வைத்த பொருள்களைப் பிள்ளைகள் தொட்டும் இயக்கியும் கற்கும் காட்சியகம் அது. பெரும் பரிசுகள் பல பெற்ற ஒருவர் முதுமையிலே சிறுவர்க்கு விஞ்ஞானம் காட்டும் பணியை விரும்பி ஏற்றமையை ஆசிரியர் யாவரும் எண்ணிப்பார்க்கவேண்டும். 1993ஆம் ஆண்டு ஏப்ரில் 15ஆந் திகதி, தமது 84ஆம் வயதிலே, ரொறன்ரோவிற் காலமானார்.

அவர் பிறந்த நாள் முதல் கண்டம் நகர்ந்த தூரத்தைக் காட்டும் பெரிய முளையொன்று அந்நிலையத்து வளவிலே நாட்டப்பட்டது. வட அத்திலாந்திக் ஆண்டுக்கு இரண்டு மூன்று சென்ரிமீற்றரே அகல்வது. அவர் வாழ்ந்த காலம் முழுவதும் கூட்டினும் ஏறக்குறைய இரண்டு மீற்றர். உயர்ந்த மனிதன் ஒருவனின் நீளம். அவ்வளவு மெல்ல அசையும் கண்டத்தை அசைவதென்று ஒப்ப அவருக்கு ஐம்பது ஆண்டு சென்றது. ஒப்பியபின் மீதி வாழ்நாளை அதற்கே கொடுத்தார்.

கனடாவின் மேற்குக் கரைக்கு அப்பால், கடலின் அடியிலே இளைய எரிமலைகள் சில உள்ளன. அவற்றுக்கு டூஸோ வில்சன் கடன்மலைகள் என்று பெயர். தாயின் பெயர் பனிபடர்ந்த சிகரத்திலும், மகனின் பெயர் ஒளிபுகா ஆழத்திலுமாக அக்குடிப்பெயர் நிலைத்திருக்கின்றது.